மாரிகுப்பம் ரயிலில் போர்த்துகீசியம்

விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்தில் ஆட்கள் ரயிலேறிவிடுகிறார்கள். சாம்பியன், ஊர்காம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஒவ்வொரு நிலையமாகத் தாண்டி, பங்காரப்பேட்டை வருவதற்குள் உட்கார இடம் இருக்காது. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு மூடப்பட்டுவிட்டன. அதன் பிறகு இந்த ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது பெங்களூர்தான். அங்கே கொண்டுபோய் விடுவதும், இரவில் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் இந்த ரயில்கள்தான்.

பெட்டியில் சிலர் தூங்குவார்கள். சிலர் சீட்டாடுவார்கள். சிலர் செல்போனில் படம் பார்ப்பார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் இருபத்து நான்கு வயதுப் பெண் மட்டும் மடியில் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி வருவாள். பார்ப்பவர்கள் சுலோகம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தது போர்த்துகீசிய மொழியின் வினைச்சொல் வாய்பாடு.

பெங்களூரில் ஒரு நிறுவனம். போர்ச்சுகல் நாட்டு வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளுக்கு இங்கிருந்தே பதில் சொல்லும் பிரிவு அங்கே இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசும் வேலையைவிடச் சம்பளம் கூடுதல். ஆனால் முதல் மூன்று மாதம் பயிற்சி. அதன் முடிவில் வாய்மொழித் தேர்வு. தேறினால் வேலை, தவறினால் வீடு. இவளுக்கு எழுத்துத் தேர்வில் குறையே இல்லை. வாயைத் திறந்தால்தான் சிக்கல்.

பயிற்சி தருபவர் கோவாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி. அவரே வாடிக்கையாளர் போல நடித்துப் பேசுவார், மாணவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் இவளிடம் கேட்ட கேள்விக்கு, “கிளை அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள், நீங்கள் எடுக்கவில்லை” என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. இவளும் அப்படித்தான் சொன்னதாக நினைத்தாள். அந்தப் பெண்மணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “நான் இன்றைக்கு முழுக்க போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன். அழைப்பார்கள் என்று நீதானே சொன்னாய்?” வகுப்பு சிரித்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

தவறு ஒரு சொல்லில்கூட இல்லை, சொல்லின் ஓர் அசையில் இருந்தது. ‘அழைத்தார்கள்’ என்பதற்கும் ‘அழைப்பார்கள்’ என்பதற்கும் போர்த்துகீசியத்தில் ஏறக்குறைய ஒரே ஒலிதான். எழுத்தில் முடிவு வேறு வேறாக இருக்கும். காதில் விழும்போது இரண்டுமே ஒரே மூக்கொலியில்தான் முடியும். அந்த மூக்கொலியைத் தமிழ்க் காதுக்கு ஏற்றபடி ‘ன்’ என்று எழுதிக்கொண்டால், லி-க-ரன் என்று மூன்று அசை. நடு அசையில் அழுத்தம் விழுந்தால் இறந்தகாலம். கடைசி அசையில் விழுந்தால் எதிர்காலம். இவள் கடைசியில் அழுத்திவிட்டாள்.

தமிழில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம். சொல்லில் ஓர் அசையை மட்டும் அழுத்திப் பொருளை மாற்றும் வழக்கம் நமக்கு இல்லை. நமக்கு உள்ளது குறில், நெடில். ‘கல்’ வேறு, ‘கால்’ வேறு. ‘படு’ வேறு, ‘பாடு’ வேறு. எங்கே அழுத்திச் சொன்னாலும் கல் காலாகிவிடாது. போர்த்துகீசியத்தில் அழுத்தம்தான் சொல்லின் முதுகெலும்பு. அதிலும் போர்ச்சுகல்காரர்கள் அழுத்தம் இல்லாத உயிர்களைப் பாதி விழுங்கிவிடுவார்கள். அழுத்தம் இடம் மாறினால் விழுங்கக் கூடாததை விழுங்கிவிடுவோம்.

இதோடு தொல்லை முடியவில்லை. அந்த மொழியின் வினைச்சொல்லுக்கு வால் வேறு உண்டு. தமிழில் ‘வந்தேன்’ என்ற ஒரே சொல்லுக்குள் ‘நான்’ உட்கார்ந்திருக்கிறது. போர்த்துகீசியத்திலும் அப்படித்தான். ‘ஃபாலு’ என்றால் பேசுகிறேன், ‘ஃபலாமுஷ்’ என்றால் பேசுகிறோம். நான், நாம் என்று தனியே சொல்லத் தேவையில்லை. அவர்கள் அதற்கு மேல் ஒரு படி போகிறார்கள். யாரை, யாருக்கு என்பதும் சின்னச் சின்னச் சொல்லாக வந்து வினையின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் நடுவே ஒரு சிறு கோடு. ‘மெ’ என்றால் எனக்கு அல்லது என்னை. ‘ல்யெ’ என்றால் அவருக்கு. ‘திசெ’ என்பது சொன்னார்; ‘திசெ-மெ’ என்பது எனக்குச் சொன்னார். பிரேசில்காரர்கள் பேச்சில் இந்தச் சிறு சொற்களைப் பெரும்பாலும் வினைக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள். போர்ச்சுகலில் சாதாரண வாக்கியங்களில் அவை பின்னால்தான் வரும். இவளுக்கு வாய்த்தது போர்ச்சுகல்.

பாடப்புத்தகத்தில் ஒரு பொது விதி போட்டிருந்தது. பெரும்பாலான சொற்களில் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். அதை அப்படியே பிடித்துக்கொண்டு, ‘திசெ-மெ’ என்பதில் கடைசிக்கு முந்தைய அசையான ‘செ’யை இவள் அழுத்தினாள். அதுவும் தவறு. வால் முளைத்த ஒவ்வொரு வினையும் அவளுக்குத் தவறிக்கொண்டே இருந்தது.

வீட்டில் இருப்பது தாத்தா மட்டும்தான். எழுபதைத் தாண்டியவர். முப்பது ஆண்டு சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போன சுரங்கம் அது. பள்ளியில் தமிழய்யா ஒருவர் யாப்பு சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் வெண்பா எழுதுவார். லைனில் கல்யாணம் என்றால் வாழ்த்து மடலும், சாவு என்றால் இரங்கற்பாவும் அவரிடமிருந்துதான் போகும்.

தங்கவயலில் இது அதிசயமில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழை, அவர் மறைந்த பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1926-ல் ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தியது இந்த ஊரிலிருந்துதான். சுரங்கத்தில் இறங்கிவிட்டு வந்து பத்திரிகை படித்த, பாட்டெழுதிய, சங்கம் கட்டிய ஊர் இது. பேத்தியின் தலைமுறையில்தான் அது மாறியது. அவள் படித்தது ஆங்கில வழி, இரண்டாம் மொழி கன்னடம். தமிழைத் தாத்தாதான் வீட்டில் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். அதற்கு மேல் அவள் போகவில்லை.

மறுநாள் காலை தாத்தா விசாரித்தார். இவள் எரிச்சலோடு விளக்கினாள். “அழுத்தமாம் தாத்தா. எந்த எழுத்துல அழுத்தம்னு எனக்குக் கேக்கவே மாட்டேங்குது.”

“அழுத்தம் கண்ணுக்குத் தெரியாது பாப்பா. காதுக்குத்தான் தெரியும்” என்றார் தாத்தா. அவர் சொன்னது பாறையின் அழுத்தத்தை. அத்தனை ஆழத்தில் பாறை தாங்கும் பாரம் திடீரென்று வெடித்துச் சிதறுவதுண்டு. ‘ராக் பர்ஸ்ட்’ என்ற சொல் தங்கவயலில் குழந்தைகளுக்கும் தெரியும். வேலை தொடங்கும் முன் கம்பியால் தலைக்கு மேல் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் பாறை உறுதியாக இருக்கிறது. பொத்தென்று கேட்டால் ஒதுங்கிவிட வேண்டும். “தட்டுற சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் வரும். எங்க, அந்தப் பாஷைச் சொல்லு நாலு சொல்லு, கேக்கறேன்.”

அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மேஜையைக் காட்டி ‘மேசா’ என்றாள். சாவிக்கு ‘ஷாவெ’, அலமாரிக்கு ‘அர்மாரியு’, துண்டுக்கு ‘துவால்யா’. தாத்தா சிரித்துவிட்டார். “இதுல என்னா புதுசு? எல்லாம் நம்ம வீட்டுல இருக்கறதுதானே?”

உண்மைதான். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்த போர்ச்சுகல்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த சாமான்களோடு அவற்றின் பெயர்களும் கரையிறங்கின. மேசை, சாவி, அலமாரி, துவாலை, பொத்தான், கோப்பை, பாதிரி, அன்னாசி, பேனா என்று அந்தப் பட்டியல் நீளும். சுரங்கத்தில் ஆட்களை நடத்திய ‘மேஸ்திரி’யும் அந்த ஊர்க்காரர்தான். ‘மெஸ்த்ரெ’ என்றால் அங்கே ஆசான், தலைவன்.

தாத்தாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பேத்தியின் புத்தகத்தில் பார்க்கச் சொன்னார். அழுத்தம் எந்த அசையில் என்று அவள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல, இவர் தமிழில் எழுதிக் கோடு போட்டார். மேசையில் அழுத்தம் முதல் அசை. தமிழில் ‘மே’ நெடில். சாவியில் முதல் அசை, ‘சா’ நெடில். பாதிரியிலும் முதல் அசை, ‘பா’ நெடில். அலமாரிக்கு மூலச் சொல்லில் நடு அசை. தமிழில் ‘மா’ நெடில். துவாலையில் ‘வா’ நெடில். ‘அனனாஸ்’ என்பதில் அழுத்தம் கடைசி அசை. தமிழில் அன்னாசி என்று அந்த ‘னா’ நீண்டிருக்கிறது. பொத்தானிலும் கடைசி அசை; ‘தான்’ நெடில்.

நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அந்தச் சொற்களை முதலில் கேட்டவர்கள் மீனவர்களும் முத்துக்குளிப்பவர்களும் துறைமுகக் கூலிகளும். அவர்களுக்குப் போர்த்துகீசிய இலக்கணம் தெரியாது, அழுத்தம் என்றால் என்னவென்றும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் காது சரியாக வேலை செய்திருக்கிறது. நமக்கு இல்லாத அழுத்தத்தை நம்மிடம் உள்ள நெடிலாக மாற்றி வாங்கிக்கொண்டார்கள். சன்னல் மட்டும் அடங்கவில்லை. ‘ஜனேலா’ என்பதில் அழுத்தம் ‘னே’யில். தமிழில் அந்த ‘னே’யே காணாமல் போய்விட்டது. ஏலமும் அப்படித்தான், அழுத்தம் விழுந்த கடைசி அசை குறுகிவிட்டது. “விதின்னா புறனடையும் இருக்கும்” என்று தாத்தா அவற்றை ஓரமாக எழுதிவைத்தார்.

அன்று முதல் நோட்டு மாறியது. இடது பக்கம் போர்த்துகீசியம். வலது பக்கம் அதே சொல் தமிழ் எழுத்தில், அழுத்தம் விழும் அசை மட்டும் நெடிலாக. அழைத்தார்கள்: லிகாரன். அழைப்பார்கள்: லிகரான். இதைப் படித்தால் ஒரு தமிழ்க் குழந்தைகூட இரண்டையும் குழப்பாது. எனக்குச் சொன்னார்: தீசெ-மெ. திசே-மெ அல்ல.

வால் முளைத்த வினைகளுக்கான விதியையும் இருவரும் சேர்ந்தே பிடித்தார்கள். அது சுலபமான விதி. சிறு கோட்டுக்குப் பின்னால் வருபவர் விருந்தாளி. விருந்தாளியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வினை தனியாக இருந்தபோது எந்த அசையில் அழுத்தம் இருந்ததோ, ஒட்டிய பிறகும் அங்கேயே இருக்கும். ‘தாவமுஷ்’ என்றால் கொடுத்துவந்தோம். அதில் முதல் அசையில் அழுத்தம். ‘தாவமுஷ்-ல்யெ’ என்றால் அவருக்குக் கொடுத்துவந்தோம். இப்போது நான்கு அசை, அழுத்தம் இன்னமும் முதல் அசையில்தான். தனிச் சொல்லாக இருந்தால் போர்த்துகீசியத்தில் கடைசி மூன்று அசைக்கு அப்பால் அழுத்தம் போகாது. இப்படி ஒட்டும் வினைகளில் மட்டும் நான்காவதற்கும் போகும்.

தாத்தாவுக்கு இது புதிதாக இருந்தது. தமிழ் யாப்பு இதற்கு நேர் எதிர். ‘வந்தான்’ என்பது வந்-தான், நேர் நேர், தேமா. அதோடு வினா எழுத்து ஒட்டினால் ‘வந்தானா’. இப்போது வந்-தா-னா, நேர் நேர் நேர், தேமாங்காய். ‘தான்’ என்று நின்ற அசை உடைந்து, அதன் ஒற்று அடுத்த அசைக்குப் போய்விடுகிறது. ‘வந்தார்’ தேமா, ‘வந்தாராம்’ தேமாங்காய். நம் மொழியில் ஒட்டியவர் வந்த நிமிடமே வீட்டு ஆளாகிவிடுவார், கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். அவர்கள் மொழியில் திண்ணையோடு சரி. பேத்திக்கு நேர், நிரை தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடிந்தது. அப்படியாகப் போர்த்துகீசியப் பாடத்துக்கு நடுவே அவள் அசை பிரிக்கக் கற்றுக்கொண்டாள்.

விருந்தாளி திண்ணையில் இருந்தாலும் வாசற்படியில் சின்ன மாற்றங்கள் நடக்கும். வாடிக்கையாளர் சேவையில் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்ல வேண்டிய வாக்கியம், ‘உங்களுக்கு உதவலாமா?’ உதவ என்பது ‘அஜுதார்’. கடைசி அசையில் அழுத்தம். மரியாதைக்குரியவரைப் படர்க்கையில் வைத்துப் பேசுவது அங்கே வழக்கம். ஆணாக இருந்தால் ‘உ’ என்ற சிறு சொல், பெண்ணாக இருந்தால் ‘அ’. ஒட்டும்போது வினையின் ‘ர்’ போய்விடும், சிறு சொல் ‘லு’, ‘ல’ என்று ஆகிவிடும். அஜுதா-லு, அஜுதா-ல. எதிர்முனையில் கேட்கும் குரலை வைத்து ‘லு’வா ‘ல’வா என்று அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும்.

‘ர்’ போனதும் எழுத்தில் ஓர் ஆபத்து. ‘அஜுத’ என்று வெறுமனே நின்றால் பொது விதிப்படி ‘ஜு’வில் அழுத்தம் விழுந்து, ‘உதவி’ என்ற வேறு சொல்லாகிவிடும். அதனால் கடைசி எழுத்தின் தலையில் ஒரு கோடு போட்டு அழுத்தத்தைக் காப்பாற்றுகிறார்கள். ‘இ’யில் முடியும் வினைகளுக்கு அந்தக் கோடு வேண்டாம். அப்படி முடியும் சொற்களுக்கு இயல்பாகவே கடைசியில்தான் அழுத்தம். மூக்கொலியில் முடியும் வினையோடு ஒட்டினால் ‘லு’ திரிந்து ‘னு’ ஆகும். தாத்தா இதை ரசித்தார். ஓரிடத்தில் கெடுதல், இன்னோரிடத்தில் திரிதல். நன்னூல் புணர்ச்சி விதியே லிஸ்பனிலும் நடக்கிறது என்பது அவர் கட்சி.

அவருக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. எதிர்கால வினையில் விருந்தாளி பின்னால் ஒட்டாமல் வினையின் நடுவிலேயே புகுந்துவிடுவார். ‘அவருக்கு அழைப்பார்கள்’ என்பது லிகர்-ல்யெ-ஆன். லிகரான் என்ற சொல்லை இரண்டாகப் பிளந்து நடுவில் ‘ல்யெ’. இன்று பேச்சில் இதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். எழுத்திலும் சம்பிரதாயமான பேச்சிலும் உண்டு. பேத்திக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தாத்தா யோசித்துவிட்டு, “நாமும் சொல்றோமே” என்றார். ‘அழைக்க இருக்கிறார்கள்’ என்பது எதிர்காலம். அதன் நடுவில் ‘அழைக்கத்தான் இருக்கிறார்கள்’ என்று ஒன்றைச் செருகலாம். அவர் சொன்னது வரலாற்றுப்படியும் சரி. போர்த்துகீசிய எதிர்காலம் பிறந்ததே ‘அழைக்க’ என்ற எச்சத்தோடு, கொண்டிருத்தல் என்ற பொருளுள்ள துணைவினை சேர்ந்துதான். இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகிப் பல நூற்றாண்டு ஆன பிறகும் பழைய தையல் அங்கேயே இருக்கிறது. சிறு சொல் அந்தத் தையலில்தான் நுழைகிறது.

இந்த இரண்டு மொழிகளின் வினைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களில் தாத்தாவும் பேத்தியும் முதல் ஆட்கள் அல்ல. 1554-ல் லிஸ்பனில் ஒரு சிறு ஜெபப் புத்தகம் அச்சானது. அதில் தமிழ் வாசகங்கள் ரோமன் எழுத்தில் இருக்கும், கூடவே போர்த்துகீசியம். பேத்தியின் நோட்டைத் திருப்பிப் போட்டது மாதிரி. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே புன்னைக்காயல் பகுதியில் பணியாற்றிய அண்டிறீக்கு அடிகளார், போர்ச்சுகல்காரர்கள் தமிழ் கற்பதற்காகத் தம் மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதத் தொடங்கியிருந்தார். வந்தேன், வந்தாய், வந்தான் என்ற வரிசையை லத்தீன் வாய்பாட்டுக்குள் அடுக்கிப் பார்த்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தமிழில் தந்த நூல்தான். வந்த ஊரின் வினைச்சொல்லைக் காதால் கேட்டு எழுதிக்கொள்ள அவர் பட்ட பாட்டை, தங்கவயலின் ஒரு லைன் வீட்டில் ஒரு பெண் எதிர்த்திசையில் பட்டுக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் மரியாதை வினைகளில் மாட்டிக்கொண்டாள். ‘எனக்குத் தா’ என்பதற்குப் போர்த்துகீசியத்தில் ‘தா-மெ’. தமிழ்த் ‘தா’வுக்கும் அந்தத் ‘தா’வுக்கும் உறவில்லை, தற்செயல் ஒற்றுமைதான். ஆனால் வீட்டில் பெரிய வேடிக்கையாகிவிட்டது. காபி டம்ளரை நீட்டி, “தா-மெ தாத்தா” என்பாள். வாடிக்கையாளரிடம் இப்படிச் சொன்னால் தேர்வு போய்விடும். அவர்களிடம் ‘தே-மெ’ என்று சொல்ல வேண்டும். ஓர் உயிரெழுத்து மாறினால் மரியாதை வந்துவிடும்.

தாத்தா தொல்காப்பியத்தில் தான் படித்ததைச் சொன்னார். தா என்ற வினை தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, கொடு என்பது படர்க்கைக்கு. பழந்தமிழில் ‘தா’ என்று சொன்னாலே ‘எனக்கு’ என்பது அதில் இருக்கிறது, தனியாக ஒட்ட வேண்டாம். மலையாளத்தில் இன்றும் ‘எனக்குத் தா, அவனுக்குக் கொடு’ என்ற வித்தியாசம் கறாராக இருக்கிறது. கேட்பதிலும் மூன்று படி. தாழ்ந்தவன் கேட்டால் ‘ஈ’, சமமானவன் கேட்டால் ‘தா’, உயர்ந்தவன் கேட்டால் ‘கொடு’.

இதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “அடியில எங்களுக்கு வந்த வினையெல்லாம் பகுதி மட்டும்தான் பாப்பா. இறங்கு, தூக்கு, போ. விகுதி போட்டு ஒருத்தன் கூப்பிட்டு நான் கேட்டதில்ல.” ஏவல் ஒருமைக்கு விகுதி கிடையாது என்பது இலக்கணம். முப்பது ஆண்டு அந்த இலக்கணத்தில் வாழ்ந்தவர் அவர். 1930-ல் தங்கவயல் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த கதையை அவருடைய தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறார். ஆளைக் குற்றவாளி மாதிரி ரேகை எடுப்பதா என்ற கோபம் அது. “நீ யாரையும் தா-மென்னு சொல்லாதே. எந்த ஊர்க்காரனா இருந்தாலும் தே-மெதான்” என்று முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் அந்த இரண்டையும் குழப்பவில்லை.

தேர்வு நாளன்று எதிர்முனையில் பேசியவர் முன்பின் தெரியாத ஓர் ஆண். இருபது நிமிடம். இவள் அஜுதா-லுவில் தொடங்கினாள். பாதியில் அவர், யாருமே தன்னை அழைக்கவில்லை என்று புகார் சொன்னார். ஒரு விநாடி மூச்சை இழுத்துக்கொண்டு, அழைத்தார்கள் என்று சொன்னாள். நடு அசையை நெடிலாக மனத்துக்குள் எழுதிப் பார்த்துவிட்டு, வாலைக் கணக்கில் சேர்க்காமல். லிகாரன்-ல்யெ. எதிர்முனை, “அப்படியா, நான் கவனிக்கவில்லை” என்றது. இறந்தகாலம் போய்ச் சேர்ந்துவிட்டது.

வேலை உறுதியானது. ஆனால் லிஸ்பனில் காலை ஒன்பது என்றால் இங்கே பிற்பகல் ஆகியிருக்கும். வேலை முடிய இரவு வெகு நேரமாகும். அதற்கு மேல் தங்கவயலுக்கு வந்து சேர முடியாது. பெங்களூரில் ஹாஸ்டல், வாரம் ஒரு நாள் வீடு. வீட்டில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. தாத்தா புது நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் நேர், நிரை அட்டவணையை அழகாக எழுதிப் பையில் வைத்தார்.

கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை மாலை தாத்தாவும் ஸ்டேஷன் வரை வந்தார். வெளியே டீக்கடையில் அவரோடு வேலை பார்த்த மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு சுரங்கத்தைப் பற்றி. மூடிய நாளிலிருந்து, மறுபடியும் திறப்பார்கள் என்ற பேச்சு பல முறை கிளம்பி அடங்கியிருக்கிறது. அன்றைக்கும் ஒருவர் ஏதோ செய்தி கேள்விப்பட்டிருந்தார். “பழைய ஆளுங்களையும் கூப்பிடுவாங்களாம்பா” என்றார்.

தாத்தா டீயை உறிஞ்சிக்கொண்டே, “நமக்கு இருபது வருஷத்துக்கு மேலா லிகரான்தான்” என்றார்.

மற்ற மூவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பேத்திக்கு மட்டும் புரிந்தது. அவள் தாத்தாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, ராத்திரி போய்ச் சேர்ந்ததும் போன் செய்வதாகச் சொன்னாள். ஊர்காம் பக்கம் ரயில் ஊதியது. செய்தாள், பத்தரை மணிக்கு.